பேச்சுரிமையும் அதன் எல்லைகளும்: கள்ளக்குறிச்சி

பேச்சுரிமை, இந்திய அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பு குடிமக்களுக்கு வழங்கும் அடிப்படை உரிமை. மேடைப் பேச்சு, துண்டறிக்கை, திரைப்படம், வாட்ஸ்அப் பதிவு எல்லாம் இதில் அடங்கும். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை அடுத்த பிரிவில் வருகிறது.

எல்லைகளை 19(2) வரையறுக்கிறது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்துக்குத் தூண்டுதல், நாட்டின் பாதுகாப்பு ஆகியவை அவற்றுள் சில. ‘பொது ஒழுங்கு’ முதலில் இந்தப் பட்டியலில் இல்லை. அது சேர்ந்ததற்கு அன்றைய சென்னை மாநிலமே முக்கியக் காரணம். பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் மாநிலத்துக்குள் நுழைய 1950இல் மாநில அரசு தடை விதித்தது. அன்று தென்னார்க்காட்டில் இருந்த கள்ளக்குறிச்சிக்கும் அந்தத் தடை பொருந்தியது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் தடையை ரத்து செய்தது. 1951இல் நடந்த முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லைச் சேர்த்தது. கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கூடவே வைத்தது. குடிமக்களுக்கு அந்த நிபந்தனைதான் பெரிய காப்பு.

எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கனியாமூர் காட்டியது. 2022 ஜூலை 13 அன்று அங்குள்ள தனியார் பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். நீதி கேட்டுப் பெற்றோரும் ஊராரும் போராடினர். அது முழுக்க அவர்களது உரிமை. ஜூலை 17 அன்று, சமூக ஊடக அழைப்புகளால் திரண்ட கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. வரிசையாக நின்ற பேருந்துகள் எரிந்தன. மாணவர்களின் சான்றிதழ்களும் சாம்பலாயின. கூட்டம் கூடுவதைத் தடுக்கும் 144 தடையுத்தரவு வந்தது. நீதி கேட்ட குரல் அந்தப் புகையில் மறைந்துபோனது பெரும் வேதனை. ஊடகங்கள் தனி விசாரணை நடத்துவதையும் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது.

ஆனால் கலவரம் வரலாம் என்ற அச்சம் மட்டும் ஒருவர் வாயை அடைக்கப் போதாது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் குறித்த 1989 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும், எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது.

இந்த உரிமை மாவட்டத்தின் மலைப்பகுதிக்கும் பொருந்தும். கல்வராயன்மலையின் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை ஜாகிர்தார்கள் எனப்பட்ட நிலப்பிரபுக்களின் கீழ் இருந்தவர்கள். அவர்களது வாழ்நிலை குறித்து 2024இல்தான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மலையில் ஒருவரின் பேச்சுரிமை பறிக்கப்பட்டாலும், 226ஆம் உறுப்பின்கீழ் அவர் அதே நீதிமன்றத்தை நேரடியாக அணுகலாம்.