த்ரெட்-7 யாரு? பெயருக்கும் ஐடிக்கும் நடுவில் ஒரு கதை

இந்த எபிசோடை ஒரு தப்பை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு எங்க சர்வர் தொங்கிப் போச்சு. லாகைத் திறந்தா, கடைசியா மாட்டிக்கிட்டு நின்ன த்ரெட்டோட பெயரில் 'ரீஃபண்ட்'னு இருக்கு. ரீஃபண்ட் கோடு எழுதினது டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு. காலையில் மீட்டிங்கில் முதல் ஆளா அவங்க பக்கம் கை காட்டினது நான்தான். இரண்டு நாள் அவங்க தன் கோடை வரி வரியாப் படிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு அந்தப் பெயரில் இருந்தது. எப்படின்னு பின்னாடி வர்றேன்.

முதலில் த்ரெட்னா என்ன? ஒரே ஹோட்டல் கிச்சனில் பத்து மாஸ்டர் வேலை செய்ற மாதிரி, ஒரே புரோகிராமுக்குள்ள பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். அந்த ஒவ்வொரு ஓட்டமும் ஒரு த்ரெட். எந்த மாஸ்டர் எந்த அடுப்பில் நிற்கிறார்னு தெரியணும்னா, அவரைக் கூப்பிட ஏதாவது ஒன்று வேணும். எண்ணா, பெயரா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கு.

1996இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவா 1.0 வெளியிட்டபோதே, த்ரெட் என்பது ஒரு கிளாஸ். அதனால் ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு ஆப்ஜெக்ட், அதுக்குள்ள ஒரு பெயர். நீங்க வைக்கலைன்னா ஜாவாவே 'த்ரெட்-0', 'த்ரெட்-1'னு வரிசையா வச்சுடும். ஆனா ஜாவா ஆவணத்திலேயே ஒரு எச்சரிக்கை உண்டு: ஒன்றுக்கு மேற்பட்ட த்ரெட்டுகளுக்கு ஒரே பெயர் இருக்கலாம். அதாவது பெயர் மனுஷங்க படிக்கிறதுக்கு மட்டும்தான். ஆள் யாருன்னு அது உத்தரவாதம் தராது. ரொம்ப நாள் நான் இந்த வரியைப் படிக்கவே இல்லை.

அப்போ உத்தரவாதம் தர்றது எது? எண். அந்த எண் 2004இல் ஜாவா 5 கூடத்தான் வந்தது. இங்கே ஒரு வேடிக்கை பாருங்க. பெயரைத் தர்ற மெத்தடை யாரும் ஓவர்ரைட் பண்ண முடியாதபடி 'ஃபைனல்'னு பூட்டி வச்சிருந்தாங்க. புதுசா வந்த 'கெட் ஐடி' மெத்தடைப் பூட்டவே இல்லை! த்ரெட் கிளாஸிலிருந்து எக்ஸ்டெண்ட் பண்ற யார் வேணும்னாலும் தனக்குப் பிடிச்ச எண்ணைத் திருப்பித் தரலாம். ஆதார் எண்ணை நாமே எழுதிக்கிற மாதிரி. 2022இல் ஜாவா 19 வந்தப்போதான் அதை ஓரங்கட்டி, 'த்ரெட் ஐடி'னு பூட்டின மெத்தட் ஒன்றைக் கொண்டு வந்தாங்க. 18 வருஷம்!

விண்டோஸ் கதை இதைவிட சுவாரஸ்யம். அங்கே த்ரெட்டுக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. பெயர் வேணும்னா, உங்க புரோகிராம் 406டி1388 என்கிற எண்ணோட ஒரு எக்செப்ஷனை வேணும்னே எறியணும். பக்கத்தில் விஷுவல் ஸ்டுடியோ டீபக்கர் இருந்தா, அதைப் பிடிச்சு உள்ளே இருக்கிற பெயரைக் குறிச்சுக்கும். இல்லைன்னா பெயர் காத்தோட போச்சு. 2016இல் விண்டோஸ் 10க்கு வந்த ஒரு அப்டேட்டில்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டமே பெயரை நினைவில் வச்சுக்க ஆரம்பிச்சது. லினக்ஸ் ரொம்ப சிக்கனம். பெயருக்கு 16 பைட், அதில் கடைசி ஒன்று முற்றுப்புள்ளி மாதிரி. மீதி 15. யூடிஎஃப்-8இல் தமிழுக்கு ஒரு குறிக்கு 3 பைட் போகும். 'கட்டணம்'னு வச்சா 21 பைட், அதுவே கொள்ளாது.

சரி, என் தப்புக்கு வர்றேன். ஜாவா 5 கூடவே வந்த இன்னொன்று த்ரெட் பூல். ஒவ்வொரு வேலைக்கும் புது த்ரெட் உருவாக்கறது செலவு. அதனால் சில த்ரெட்டுகளை வச்சுக்கிட்டு, ஒரு வேலை முடிஞ்சதும் அடுத்ததை அதுங்க கையிலேயே கொடுக்கறது. அவற்றோட பெயர் 'பூல்-3-த்ரெட்-7' மாதிரி இருக்கும். இதை வச்சு ஒன்றும் புரியாதுன்னு, வேலை ஆரம்பிக்கும்போது த்ரெட்டோட பெயரை அந்த வேலையோட பெயரா மாத்துற ஒரு ரேப்பர் எங்க கோடில் இருந்தது. வேலை முடிஞ்சதும் பழைய பெயருக்குத் திருப்பணும். அது திருப்பலை. ரீஃபண்ட் முடிச்ச த்ரெட், ரேப்பர் வழியா வராத ஒரு ரிப்போர்ட் வேலையை எடுத்து அதில் மாட்டிக்கிச்சு. சட்டையில் மட்டும் ரீஃபண்ட் பேட்ஜ்.

முதல் நாள் ராத்திரி அவசரத்தில் த்ரெட் டம்ப் எடுக்காமலே சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டோம். மூணாவது நாள் மறுபடி தொங்கினப்போ எடுத்தோம். பெயர் ரீஃபண்ட், கீழே ஸ்டாக் முழுக்க ரிப்போர்ட். ரேப்பரை யார் எழுதினதுன்னு கிட் வரலாற்றில் தேடினேன். நான்தான்.

இதே பயம் டாட் நெட்டை உருவாக்கினவங்களுக்கு இருந்ததோ என்னவோ, அங்கே ஒரு த்ரெட்டுக்கு ஒரு தடவைதான் பெயர் வைக்க முடியும். இரண்டாவது தடவை வச்சா எக்செப்ஷன். டாட் நெட் 6இல்தான் தளர்த்தினாங்க. எனக்கு அந்தப் பழைய கண்டிப்பு பிடிச்சிருக்கு. கோ மொழி இன்னும் ஒரு படி மேலே போய், கோரொட்டீனுக்குப் பெயரும் கிடையாது, வெளியே காட்டுற ஐடியும் கிடையாதுன்னு சொல்லிடுச்சு. 2023இல் ஜாவா 21 கொண்டு வந்த வர்ச்சுவல் த்ரெட்டைப் பாருங்க: எண் உண்டு, ஆனா நீங்க வைக்கலைன்னா பெயர் காலி. லட்சக்கணக்கில் ஓடுற த்ரெட்டுக்கு 'த்ரெட்-483921'னு வச்சு யாருக்கு என்ன லாபம்?

அந்தப் பொண்ணுகிட்ட முதலில் சாட்டில் ஸாரி சொன்னேன். மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும் சொன்ன குற்றத்தைச் சாட்டில் திரும்ப வாங்குறது நியாயமில்லைன்னு, அடுத்த நாள் அதே மீட்டிங்கில் மறுபடி சொன்னேன். "பரவாயில்லைண்ணா, ரேப்பரை நானே ஃபிக்ஸ் பண்றேன்"னாங்க. ஃபைனலி பிளாக்கில் ஒரே ஒரு வரி, பழைய பெயரைத் திருப்பி வைக்கிறது. ரிவ்யூவுக்கு என்னைத்தான் போட்டிருந்தாங்க.