பனிப்புயலில் மடிந்த மாடுகள்: அமெரிக்காவில் கால்நடை இழப்பீடு கிடைப்பது எப்படி?

2013 அக்டோபர் முதல் வாரத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தைப் பெரும் பனிப்புயல் தாக்கியது. மாடுகள் அப்போது கோடைகால மேய்ச்சல் நிலத்தில்தான் இருந்தன. குளிரைத் தாங்கும் அடர்ந்த ரோமம் அவற்றுக்கு இன்னும் வளரவில்லை. முதலில் மழை பெய்து உடல் முழுக்க நனைந்தது. பிறகு கடும் காற்றுடன் பனி கொட்டியது. ஆயிரக்கணக்கான மாடுகள் ஓரிரு நாட்களில் மடிந்தன.

பாதிக்கப்பட்டவர்கள் அரசிடம் முறையிடக்கூட வழியில்லை. நிதி ஒதுக்கீட்டுச் சிக்கலால் மத்திய அரசு அலுவலகங்கள் அக்டோபர் 1 முதலே மூடிக் கிடந்தன. அதைவிடப் பெரிய சிக்கல், இழப்பீடு வழங்கும் திட்டமே அப்போது நடைமுறையில் இல்லாதது.

திட்டத்தின் வரலாறு

கால்நடை இழப்பீட்டுத் திட்டம் 2008ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் இடம்பெற்றது. அதன் காலம் 2011 செப்டம்பர் 30இல் முடிந்தது. புதிய சட்டம் குறித்து நாடாளுமன்றத்தில் உடன்பாடு ஏற்படாமல் இழுபறி நீடித்தது. இறுதியில் 2014 பிப்ரவரியில் நிறைவேறிய வேளாண் சட்டம் இத்திட்டத்தை நிரந்தரமாக்கியது. 2011 அக்டோபர் 1 முதல் ஏற்பட்ட இழப்புகளுக்கும் அது பொருந்தும் என அறிவிக்கப்பட்டது. மாடுகளின் எண்ணிக்கையைக் குறித்து, படம் எடுத்து வைத்திருந்த பண்ணையாளர்களுக்கு அந்தப் பதிவுகள் அப்போது கைகொடுத்தன.

எவ்வளவு கிடைக்கும்?

வானிலையால் இறக்கும் கால்நடைக்குச் சராசரி சந்தை மதிப்பில் 75 சதவீதம் வழங்கப்படும். ஆனால் இறந்த எல்லாக் கால்நடைகளுக்கும் பணம் வராது. ஒவ்வோர் ஆண்டும் இயல்பாகவே சில கால்நடைகள் இறக்கும் என்பதால் அந்த அளவைக் கழித்துவிட்டே கணக்கிடுவார்கள். உதாரணமாக, 100 மாடுகளில் 2 இறப்பது இயல்பு என்று வைத்துக்கொள்வோம். புயலில் 20 இறந்தால் 18 மாடுகளுக்கே இழப்பீடு.

பனிப்புயல், வெள்ளம், காட்டுத்தீ, கடும் வெப்பம், கடும் குளிர் ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். வணிகத்துக்காக வளர்க்கும் மாடு, ஆடு, பன்றி, கோழி போன்றவற்றுக்கு இது பொருந்தும். செல்லப் பிராணிகளுக்குப் பொருந்தாது.

ஓநாய் கொன்றால்?

மத்திய அரசு மீண்டும் காட்டில் விட்ட விலங்குகளோ சட்டப் பாதுகாப்புள்ள விலங்குகளோ தாக்கிக் கொன்றாலும் இழப்பீடு உண்டு. யெல்லோஸ்டோன் பகுதியில் 1995இல் ஓநாய்கள் விடப்பட்டன. சில மாநிலங்கள் தனியாகவும் வழங்குகின்றன. கொலராடோவில் 2020இல் மக்கள் வாக்களித்து முடிவெடுத்தபடி 2023 டிசம்பரில் ஓநாய்கள் விடப்பட்டன. அங்கு ஒரு கால்நடைக்கு 15,000 டாலர் வரை பெறலாம்.

இங்கே நிரூபிப்பதுதான் கடினம். ஏற்கெனவே செத்த மாட்டை ஓநாய் தின்றிருக்கவும் கூடும். அதனால் கடித்த இடத்தில் தோலுக்கடியில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். இரத்தக்கட்டு இருந்தால், கடிபட்டபோது மாடு உயிரோடு இருந்தது என்று பொருள். பரந்த மேய்ச்சல் நிலத்தில் சடலம் கண்ணில் படுவதற்குள் எலும்பு மட்டுமே எஞ்சியிருந்தால் அந்தச் சான்றும் போய்விடும்.

வயிற்றில் இருந்த கன்று

தெற்கு டகோட்டாவில் மடிந்த பசுக்களில் பல சினையாக இருந்தவை. பண்ணையாளருக்கு அது இரட்டை இழப்பு. ஆனால் தாய்க்கு மட்டுமே இழப்பீடு கணக்கிடப்பட்டது. பிறக்காத குட்டிகளுக்கும் கூடுதல் தொகை வழங்க 2025இல் இயற்றப்பட்ட சட்டம் வழி செய்தது. விலங்குகளால் ஏற்படும் இழப்புக்கான தொகையும் முழுச் சந்தை மதிப்பாக உயர்த்தப்பட்டது. வானிலை இழப்புக்கு அதே 75 சதவீதம்தான்.

பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து உருவாக்கிய மந்தையை எந்தத் தொகையும் உடனே திருப்பித் தராது. அடுத்த ஆண்டும் தொழிலைத் தொடர அது உதவும். அதற்கும் திட்டம் நடைமுறையில் இருக்க வேண்டும், கையில் சான்றும் இருக்க வேண்டும்.