பல்லாவரத்துக் கல்லும் பாரிஸ் கண்ணாடியும்

போன மாசம் ஒரு ராத்திரி. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பதினொரு மணிக்கு மேல ஜி.எஸ்.டி. ரோட்டுல பொழிச்சலூருக்குத் திரும்பிட்டு இருந்தேன். முன்னாடி ஒரு டிப்பர் லாரி, தார்ப்பாய் கிடையாது. 'டக்'குன்னு ஒரு சத்தம். கார் கண்ணாடியில என் மூக்குக்கு நேரா ஒரு சிலந்திவலை. ஆனா ஒரு துண்டுகூட உள்ளே விழலை, ரோடும் தெரிஞ்சுது.

வீட்டுக்கு வந்து புலம்பினா, அப்பா வலது கையை நீட்டினார். விரல் முட்டிகள்ல பழைய தழும்பு. சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன், எதனாலன்னு கேட்டதே இல்லை.

1989-ல அவர் பல்லாவரம் குவாரியிலேர்ந்து ஜல்லி லாரி ஓட்டினவர். முன்னால போன லாரியிலேர்ந்து தெறிச்ச ஒரு கல், மொத்தக் கண்ணாடியையும் மாவு பூசின மாதிரி வெள்ளையாக்கிடுச்சு. ஒண்ணும் தெரியலை. ஓடற வண்டியிலேயே கையால குத்தி ஓட்டை போட்டுப் பாத்து ஓரங்கட்டினாராம்.

"பிரேக் அடிச்சிருக்கலாமேப்பா?"

"பின்னாடி பஸ்ஸுடா. ஃபுல் லோடு."

அப்புறம் எனக்குத் தூக்கம் வரலை, படிக்க உக்காந்துட்டேன்.

அப்பா லாரியில இருந்தது டஃபன்டு கண்ணாடி. 1874-லயே பிரான்ஸ்ல இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டாங்க. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல காய்ச்சி, மேல்பரப்பை மட்டும் சட்டுனு குளிர வெப்பாங்க. மேல்தோல் இறுகி நிக்கும், உள்ளே இழுவிசை காத்துட்டு இருக்கும். எங்கேயாவது ஒரு இடத்துல தோல் கிழிஞ்சா மொத்தமும் பொடி. கத்தி மாதிரி குத்தாதுங்கறது நல்லதுதான். ஆனா டிரைவருக்குக் கண்ணு போயிடும். நம்ம பாஷையில சொன்னா, ஒரு பக் வந்தா மொத்த சிஸ்டமும் க்ராஷ் :-)

இன்னொரு வகை, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் வெச்ச சாண்ட்விச். 1903-ல பாரிஸ்ல எடுவார் பெனடிக்டஸ்ங்கறவர் கைதவறிக் கீழே போட்ட குடுவை விரிசல் விட்டும் சிதறலை. உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காஞ்சு படலமா ஒட்டியிருந்தது. 1909-ல காப்புரிமை வாங்கினார். முதல் உலகப்போர்ல விஷவாயு முகமூடிக்கு இந்தக் கண்ணாடிதான். அந்தப் படலம் நாளாக நாளாக மஞ்சளாகும். 1930-கள்ல பி.வி.பி. வந்துதான் அந்தத் தொல்லை தீந்தது. என் காரைக் காப்பாத்தினதும் அந்த முக்கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக்தான்.

கல்லுக்கும் ஒரு கதை இருக்கு. கல்கத்தாவுல ஜாப் சார்னாக் கல்லறை மேல இருக்கறது நம்ம பல்லாவரத்துக் கல். அதைப் பாத்துதான் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்கு 1893-ல சார்னோகைட்னு பேர் வெச்சார். 1863 மே 30-ந்தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியை எடுத்ததும் பல்லாவரத்துல ஒரு சரளைக் குழியிலதான். இவ்ளோ பெருமையுள்ள ஊர்க் கல்லுதான் அப்பா கண்ணாடியில விழுந்திருக்கு!

அமெரிக்காவுல காருக்குப் பின்னால இழுத்துட்டுப் போற வீட்டு வண்டிக்கு முன் ஜன்னல் மேல ஃபைபர் மூடி போடறாங்க. இழுக்கற கார் சக்கரமே கல்லடிக்குமாம். ஓடும்போது அந்த ஜன்னல் வழியா யாரும் ரோட்டைப் பாக்கப் போறதில்லை, மூடிடலாம். நமக்கு அது முடியாது. போலீஸ் வேன் மாதிரி கம்பிவலை போட்டாலும் சின்ன ஜல்லி உள்ளே வந்துடும். முன்கண்ணாடியில 70 சதவீத வெளிச்சம் வரணும்னு சட்டமே இருக்கு. இடைவெளி விட்டு மெதுவா போறது ஒண்ணுதான் வழி. வேகம் பாதியானா அடியோட ஆற்றல் கால்வாசி.

கண்ணாடி மாத்தப் போனப்ப அப்பாவும் வந்தார். கழட்டிப் போட்ட கண்ணாடியைக் கட்டைவிரலால அமுக்கி அமுக்கிப் பாத்தார். உதிரலை.

"இது எப்ப வந்தது?"

"1909-லப்பா. நம்ம நாட்டுல 1993-ல விதி போட்டாங்க. மூணு வருஷம் அவகாசம் குடுத்து, அதுக்கப்புறம் செய்யற வண்டிக்கெல்லாம் கட்டாயம்."

விரல் விட்டு எண்ணினார். "எங்க லாரிக்கு வர எம்பத்தேழு வருஷமாடா?"ன்னார்.