அட்வர்சரி புரொசீடிங்

அமெரிக்காவில் ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்ததும், கடன் கொடுத்தவர்கள் வெளியே போட்ட வழக்குகள் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கும்: திவால் வழக்குக்கு உள்ளேயே தொடுக்கும் தனி வழக்கு. அதற்குத் தனி எண், தனி மனு, தனி விசாரணை. பெயர், அட்வர்சரி புரொசீடிங்.

‘அட்வர்சரி’யின் வேர் லத்தீன் ‘அத்வெர்சாரியுஸ்’. எதிர்த்து நிற்பவர், எதிராளி என்று பொருள். பொருத்தமான பெயர்தான். திவால் வழக்கு பெரும்பாலும் படிவமும் பட்டியலுமாக நகரும். இங்கேதான் வாதியும் பிரதிவாதியும் மல்லுக்கு நிற்பார்கள். ‘மோசடியால் வந்த கடன், தள்ளுபடி கூடாது’ என்பது வாடிக்கையான சண்டை. கல்விக் கடனிலோ நிலைமை தலைகீழ்: தள்ளுபடி வேண்டுமென்றால் கடனாளியே வழக்குத் தொடுக்க வேண்டும். கையில் காசில்லாதவர் வக்கீலுக்கு எங்கே போவார் என்று சட்டம் கேட்பதில்லை!

சாண்டி ஹுக் பள்ளித் துப்பாக்கிச் சூடே நாடகம் என்று புளுகி, அவதூறு வழக்குகளில் தோற்ற அலெக்ஸ் ஜோன்ஸ் 2022 டிசம்பரில் திவால் மனு கொடுத்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்த உள்வழக்கைத் தொடுத்தன. இழப்பீட்டில் 110 கோடி டாலருக்கு மேல் தள்ளுபடி ஆகாது என்று 2023 அக்டோபரில் ஹூஸ்டன் திவால் நீதிபதி தீர்ப்பளித்தார்.