தீர்ப்புத் திரட்டும் நாவலும்: வேதநாயகம் பிள்ளையிடம் வழக்குரைஞர் கற்க வேண்டுவது

முன்னுரை

சட்டக் கல்வி விதிகளையும் முன்தீர்ப்புகளையும் விரிவாகக் கற்பிக்கிறது. வழக்கோடு வருபவரின் மனத்தை அறியும் திறனுக்கு அதில் கிடைக்கும் இடம் சிறிது. அத்திறனைச் செவ்வியல் நாவல்கள் வளர்க்கக்கூடும் என்பதற்குத் தமிழின் முதல் நாவலே சான்று. அதை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) மாவட்ட முன்சீபாகப் பணியாற்றியவர்.

தீர்ப்புகளின் தமிழாக்கம்

1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் 1862இல் அவர் வெளியிட்டார். சட்டம் அதற்குக் கட்டுப்பட்ட மக்களுக்கு எட்டவேண்டும் என்னும் அக்கறை இம்முயற்சியில் புலப்படுகிறது. எனினும், தீர்ப்புத் திரட்டு முடிவையும் அதற்கான காரணத்தையுமே தரும். வழக்காடியவரின் உள்ளத்தைக் காட்டுவது அதன் நோக்கமன்று.

'சந்தோஷ' வழக்கு

1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' அவ்வுள்ளத்தைக் காட்டுகிறது. விக்கிரமபுரியில் காலணி தைப்பவனுக்குக் கூலியாகச் 'சந்தோஷம்' தருவதாகப் பேச்சு முடிகிறது. பிரதாபன் கருதியது மனநிறைவான கூலி. மற்றவனோ பணத்தை ஏற்காமல் சொல்லையே பிடித்துக்கொள்கிறான். பிரதாபன் சிறைப்படுகிறான். பின்னர் ஆண்வேடத்தில் அந்நாட்டின் அரசுப் பொறுப்பை ஏற்ற ஞானாம்பாள் வழக்கை மீண்டும் விசாரிக்கிறாள். தான் பட்டத்துக்கு வந்ததில் அவனுக்குச் சந்தோஷமா என வினவுகிறாள். அவன் ஆம் என்றதும், பேசிய கூலி கிடைத்துவிட்டதாக வழக்கு முடிகிறது.

இதனை வெறும் சொல் விளையாட்டு எனக் கொள்வதற்கும் இடமுண்டு. ஞானாம்பாளும் சொல்லைச் சொல்லாலேயே வெல்கிறாள். ஆனால், முதல் விசாரணை சொல்லை மட்டுமே எடைபோட்டது. அவளோ, அச்சொல்லை யார், எந்நோக்கில் பிடித்துக்கொண்டார் என்பதையும் கண்டுகொண்டாள். கட்சிக்காரரின் சொல்லுக்கும் கருத்துக்கும் இடையிலான தொலைவை அளப்பதே வழக்குரைஞரின் முதற்பணி என்பது இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

தமிழர் வழக்காடும் மன்றங்களில் ஆங்கிலத்தில் வாதிடுவதையும் இந்நாவல் கண்டிக்கிறது. தம் சார்பில் பேசப்படுவது விளங்காத கட்சிக்காரர், தம் வழக்குரைஞரின் பிழையைத் திருத்த இயலாது. ஆகவே, மொழி குறித்த இக்கண்டனமும் கேட்டறிதல் குறித்ததே எனலாம்.

முடிவுரை

ஆசிரியர் தம் மன்றத்தில் எவ்வாறு தீர்ப்பளித்தார் என்பதற்கு நாவலைச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும், தீர்ப்புகளைத் திரட்டிய அதே கை நாவலும் எழுதியது. சட்டம் அறிந்தவர்க்கு மனிதரை அறியும் பயிற்சியும் வேண்டும் என்பதற்கு அவ்விரு நூல்களையும் இணைத்துப் படித்தலே தக்க தொடக்கமாகும்.