கோட்டும் தொப்பியும் போன பின்னும்: மும்பை அறைகளில் சுவர் மாட்டியின் வரலாறு

1843-இல் பம்பாய் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜார்ஜ் கிளார்க், இன்று மும்பையின் புறநகராக உள்ள பாண்டுப்புக்கு வந்திருந்தபோதுதான், பம்பாயைத் தாணேயோடும் கல்யாணோடும் மலைக் கணவாய்களோடும் ரயில் பாதையால் இணைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு முதலில் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து, 1853 ஏப்ரல் 16 அன்று, போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடியது இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அதன் பிறகு அந்தத் தண்டவாளங்களின் வழியே பம்பாய்க்குப் பிழைக்க வந்தவர்களின் வாழ்வில் இரண்டு பொருள்கள் புதிதாக நுழைந்தன. ஒன்று, அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு கோட்டு. மற்றது, பலரோடு பங்கிட்டுக்கொண்டு வாழ ஓர் ஒற்றை அறை. இவ்விரண்டும் சந்தித்த இடம் சுவரில் அடித்த ஒரு முளை. கோட்டையும் தொப்பியையும் மாட்டும் அந்தச் சிறு பொருளை வெள்ளைக்காரர் விட்டுப்போன பழக்கங்களில் ஒன்றாக மட்டும் பார்ப்பது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். மாட்டியின் வடிவத்தை உடை தீர்மானித்தது, உண்மைதான். ஆனால் அதன் தேவையைத் தீர்மானித்தது அறையின் அளவு. அதனால்தான் தொப்பி மறைந்து, கோட்டு அருகிய பின்னும் மாட்டி இந்த நகரத்தை விட்டுப் போகவில்லை.

சுவரில் முளை அடித்துப் பொருளைத் தொங்கவிட ஐரோப்பியர் வந்து நமக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. யானைத் தந்தத்தால் செய்த சுவர் முளைக்கு வடமொழியில் நாகதந்தம் என்று பெயர். நகரத்துச் செல்வனின் அறையை வர்ணிக்கும் காமசூத்திரம், அங்கே நாகதந்தத்தில் ஒரு வீணை தொங்குவதாகச் சொல்கிறது. பஞ்சதந்திரத்தில் எலிக்குப் பயந்த துறவி தன் பிச்சைப் பாத்திரத்தை மாட்டி வைப்பதும் அத்தகைய முளையில்தான். இன்னும் தெளிவான சான்று பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான வினய பிடகத்தில் இருக்கிறது. பைகளைக் கட்டில் காலில் மாட்டினால் எலியும் கறையானும் அரித்துவிடுகின்றன என்ற முறையீடு வந்தபோது, சுவரில் முளையும் நாகதந்தமும் அடித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. சீவர ஆடையைக் கட்டிலிலும் பலகையிலும் போட்டால் கிழிகிறது என்று முறையிட்டபோது கிடைத்ததோ வேறு: ஆடைக்கென ஒரு மூங்கில் கழியும் ஒரு கொடியும். பாண்டுப்பின் மேற்கே எழும் குன்றுகளுக்கு அப்பால் உள்ள கன்ஹேரியில், நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த துறவிகள் இந்த ஒழுக்க மரபுக்குள் வாழ்ந்தவர்களே.

இந்த வேறுபாடு தற்செயலானதல்ல. தைக்காத துணிக்குத் தோள் இல்லை, கழுத்து இல்லை. அதை ஒரே புள்ளியில் தொங்கவிட்டால் அந்த இடத்தில் இழுபட்டுக் கிழியும், கசங்கும். நீளவாக்கில் மடித்து ஒரு கழியின் மேலோ கொடியின் மேலோ போட்டால் எடை பரவி நிற்கும். வேட்டியும் சேலையும் துண்டும் உடுத்திய தமிழ் வீட்டில் உத்தரத்திலிருந்து மூங்கில் கழி தொங்கியதும், ஓர் ஆணிக்கும் மறு ஆணிக்கும் இடையே கயிற்றுக் கொடி ஓடியதும், மடித்துணியை நீண்ட கோலால் தூக்கி உயரத்து மூங்கிலில் உலர்த்தியதும் இந்தக் காரணத்தால்தான். பை, பாத்திரம், வீணை ஆகியவற்றுக்கு முளை, துணிக்குக் கொடி. இந்தப் பிரிவினை பல நூற்றாண்டுகள் குலையாமல் நின்றது. முளை நமக்குப் பழையது. அதில் உடையை மாட்டும் தேவைதான் புதியது.

அந்தத் தேவையைக் கொண்டுவந்தது கோட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னையிலும் பம்பாயிலும் அலுவலகம் போன தென்னிந்தியர் பலருடைய உடை, கீழே பஞ்சகச்சம், மேலே கோட்டு, தலையில் தலைப்பாகை. வீட்டுக்கு வந்ததும் வேட்டியோடு இருக்கலாம். அந்த வெக்கையில் கோட்டோடு இருக்க முடியாது. கழற்றிய கோட்டை மடித்தால் தோள் சிதையும். கொடியில் போட்டால் கை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாகச் சரியும். இருப்பதோ பெரும்பாலும் ஒரே கோட்டு, மறுநாள் காலையிலும் அதையே போட வேண்டும். கழுத்துப் பட்டையின் உட்புறம் தைத்த சிறு வளையத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி வேண்டியதாயிற்று. தலையணிகளின் கதை வேறு. தலைப்பாகை அவிழ்த்தால் வெறும் துணி. பார்சிகளின் விறைப்பான பகடியை அலமாரித் தட்டில் வைப்பதே பாதுகாப்பு. நெட்டியால் செய்த சோலா தொப்பி எடை குறைவு, ஆனால் அழுத்தினால் நசுங்கும். அதற்கு வெளியே நன்றாக நீண்ட, முனை உருண்ட ஒரு கை தேவை. ஆகவே இரும்பிலும் பித்தளையிலும் வார்த்த கொக்கிகள் இரண்டு கைகளோடு வந்தன. மேல்கை நீளமானது, தொப்பிக்கு. கீழ்க்கை குட்டையானது, கோட்டுக்கு. மேல்கை நீண்டிருப்பதால் தொப்பியின் விளிம்பு கீழே தொங்கும் கோட்டில் இடிக்காது. இன்றும் ஹார்டுவேர் கடையில் வாங்கும் இரட்டைக் கொக்கியில் அந்தப் பழைய கணக்கு அப்படியே இருக்கிறது.

வடிவத்தைத் தந்த உடை பிறகு விலகிப்போனது. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவிய காந்தி குல்லாய் தட்டையாக மடிந்து சட்டைப் பைக்குள் போய்விடும்; அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்; அதற்கு மாட்டியே வேண்டாம். சோலா தொப்பி ஆட்சியோடு சேர்ந்து போயிற்று. கோட்டு வழக்கறிஞர்களிடமும் ரயில் டிக்கெட் பரிசோதகர்களிடமும் தங்கியது. இந்திய வழக்கறிஞர்களுக்கான விதிகளே உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற இடங்களில் கோடைக்காலத்தில் கருப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று விலக்குத் தருகின்றன. உடை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் சுவர் மாட்டியும் இவற்றோடு மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. ஏன் என்பதற்கு விடை சால்கள் எனப்படும் ஒற்றை அறைத் தொழிலாளர் குடியிருப்புகளில் இருக்கிறது.

1911 மக்கள் தொகைக் கணக்கின்படி பம்பாயில் பத்தில் ஏறக்குறைய ஏழு பேர் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். 1920-களில் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் தொடங்கிய பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டடங்களை எழுப்பியது. இன்றும் பி.டி.டி. சால் என்று அழைக்கப்படும் அவற்றில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 160 சதுர அடி. சமையல், படுக்கை, படிப்பு, பிரசவம், விருந்து எல்லாம் அதற்குள். அப்படிப்பட்ட அறையில் தரை பகலில் ஒரு வேலை செய்யும், இரவில் வேறொரு வேலை செய்யும். தரையில் நிரந்தரமாக நிற்கும் எந்தப் பொருளும் யாரோ ஒருவர் படுக்கும் இடத்தைப் பறிக்கும். சுவர் ஒன்றே சும்மா இருந்தது. எனவே மாட்டக்கூடியதெல்லாம் சுவருக்கு ஏறியது: சட்டை, பள்ளிப் பை, குடை, காய்கறிப் பை. பல ஆண்கள் சேர்ந்து தங்கிய அறைகளில் ஒரு டிரங்குப் பெட்டியும் சுவரில் ஒரு முளையும்தான் ஒருவருக்கு உரிமையான இடம்.

சுவரைக் கொண்டு தரையை விடுவிக்கும் இதே எண்ணத்தை அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முறைமையாக்கியிருந்தார்கள். கூட்டாக வாழ்ந்த அவர்களுடைய அறைகளின் சுவரைச் சுற்றி, தலைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மரப்பட்டை ஓடும். அதில் சம இடைவெளிகளில் கடைந்த முளைகள் இருக்கும். தொப்பி, மேலங்கி மட்டுமல்ல, நாற்காலியையே தூக்கி மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்குவார்கள். அவர்களுக்கு அது நம்பிக்கை சார்ந்த ஒழுங்கு. கட்டும்போதே சுவரோடு சேர்த்துத் திட்டமிட்டார்கள். பம்பாய்த் தொழிலாளிக்கு அது வேறு வழியில்லாத ஏற்பாடு. கட்டி முடித்தவர் போன பிறகு அவரவரே ஆணி அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு மாட்டிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுதான்.

ஆணி அடிப்பது எளிது என்று நினைப்பவர் சுவரின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். மண் சுவரிலும் மரச்சட்டம் வைத்த சுவரிலும் முளை தானாக நிற்கும். செங்கல் சுவரில் தச்சர் துளை போட்டு மரக்கட்டையை இறுக்கி, அதில்தான் திருகாணியை முடுக்குவார். 1911-இல் இங்கிலாந்தில் ஜான் ராலிங்ஸ் சணல் நாரைப் பசையால் இறுக்கிச் செய்த ராவல்பிளக், பெரிய மரக்கட்டை தேவைப்படாமல் சிறு துளையிலேயே திருகாணியை நிறுத்தியது. 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். இவை எல்லாவற்றுக்கும் துளையிடும் கருவி வேண்டும். இன்று அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சில் வார்க்கும் கான்கிரீட் சுவரில் சுத்தியலால் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். டிரில் போட்டாலோ உள்ளே ஓடும் மின் குழாய் எங்கே இருக்கிறதென்று குடியிருப்பவருக்குத் தெரியாது. சுவர் வலுவாக வலுவாக, அதைப் பயன்படுத்தும் உரிமை குடியிருப்பவரிடமிருந்து நழுவிக் கட்டுபவரிடம் போயிருக்கிறது.

பீரோ வந்த பிறகு மாட்டி எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் எஃகு அலமாரி செய்யத் தொடங்கி, பின்னர் பாண்டுப்புக்குப் பக்கத்து விக்ரோலியில் பெரிய ஆலை வளாகத்தை வளர்த்தது. எஃகு பீரோ நடுத்தரக் குடும்பத்தின் சின்னமாயிற்று. ஆனால் மூன்றடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள பீரோ நாலரை சதுர அடியை அடைக்கும். கதவு திறக்க முன்னால் அதே அளவு இடம் காலியாக இருக்க வேண்டும். 160 சதுர அடியில் இது இருபதில் ஒரு பங்குக்கு மேல்; ஒருவர் பாய் விரித்துப் படுக்கும் இடத்தில் பாதிக்கு மேல். அதைவிட முக்கியம், இரண்டின் வேலையும் ஒன்றல்ல. பீரோ துவைத்து மடித்த துணிக்கும் பட்டுக்கும் பத்திரத்துக்கும். ஒரு முறை போட்டு, வியர்வை காய்ந்த பின் மறுபடி போட வேண்டிய சட்டையை பீரோவில் வைத்தால் மற்றத் துணியும் நாறும். குழாயில் தண்ணீர் குறித்த நேரத்துக்கு மட்டும் வரும் வீட்டில் ஒவ்வொரு சட்டையையும் ஒவ்வொரு நாளும் துவைக்க முடியாது. இடைநிலையில் இருக்கும் அந்தத் துணிக்கு மாட்டியைத் தவிர வேறு இடமில்லை.

இன்னொரு மறுப்பு கூடுதல் வலுவானது. தொங்கும் துணிகளுக்குள் கொசு அடையும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் ஒதுங்குமிடங்களில் வீட்டுக்குள் தொங்கும் துணிகளும் உண்டு. இதை மறுக்க முடியாது. ஆனால் குற்றம் மாட்டியுடையதா, மாட்டி வைத்த இடத்துடையதா? பெரும்பாலான வீடுகளில் மாட்டிக்குக் கிடைப்பது கதவின் பின்புறம். அங்கே காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. ஒரே கொக்கியில் ஐந்து துணி ஏறுகிறது. கொசுவுக்கு ஏற்றது அந்த இருட்டுக் குவியல்தான். ஜன்னலின் காற்று வரும் சுவரில், ஒரு கொக்கிக்கு ஒரு துணி என்று இடைவெளியோடு மாட்டினால் ஒதுங்க இடம் குறையும். மறுப்பு உண்மையில் கேட்பது மாட்டியை ஒழிக்க அல்ல, அதைச் சரியாக வடிவமைக்க.

சரியான வடிவமைப்புக்குப் பெரிய கலை வேண்டாம். சுவரில் நேரடியாகக் கொக்கியை அடிக்காமல் முதலில் நான்கங்குல அகலப் பலகை ஒன்றைப் பொருத்த வேண்டும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் மும்பைச் சுவரிலிருந்து அந்தப் பலகை துணியைத் தள்ளி நிறுத்தும்; சுண்ணாம்பும் ஒட்டாது. எடையும் ஒரே துளையில் இறங்காமல் பல திருகாணிகளுக்குப் பரவும். கொக்கி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு அது திருகாணியை வெளியே இழுக்கும். நீளத்தை இரட்டித்தால் இழுப்பும் இரட்டிக்கும். ஆகவே நீளமான கை லேசான பொருளுக்கு, குட்டையான கை கனமான பொருளுக்கு என்ற பழைய தொப்பி-கோட்டுக் கணக்கே இன்றும் சரி. முனை கூராக இருந்தால் சட்டை முதுகில் கூம்பு விழும். உருண்டையாக இருந்தால் விழாது. கொக்கிகளுக்கிடையே எட்டங்குலம் விட்டால் துணிக்குள் காற்று போகும். பெரியவர்களுக்கு ஐந்தரை அடி உயரத்தில் ஒரு வரிசை, பிள்ளைகளுக்கு மூன்றரை அடியில் ஒரு வரிசை. தன் கைக்கு எட்டும் கொக்கி இருந்தால் பிள்ளை பையைத் தரையில் எறியாது.

மும்பைக்கு இன்றும் தொப்பியும் கோட்டும் உண்டு. தொப்பியின் இடத்தில் ஹெல்மெட், கோட்டின் இடத்தில் மழைக்கோட்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீர் சொட்டும் மழைக்கோட்டை எங்கே வைப்பது என்பது இந்த நகரத்தில் ஒவ்வொரு வீட்டின் கேள்வி. பல பி.டி.டி. சால்கள் இடிக்கப்பட்டு, 160 சதுர அடியில் இருந்தவர்களுக்கு 500 சதுர அடி கிடைக்கிறது. அது நல்ல மாற்றம். ஆனால் பாண்டுப்பின் மலைச்சரிவுகளில் உள்ள குடிசைக் குடும்பங்களுக்கான கணக்கு வேறு. 1995-இல் குடிசை மறுவாழ்வுத் திட்டம் 225 சதுர அடி என்று தொடங்கி இப்போது 300-இல் நிற்கிறது. 300 சதுர அடியில் ஐந்து பேர் வாழும்போது சுவரும் வாழுமிடம்தான். கட்டுபவர் தரவேண்டியவற்றில் சுவிட்ச் போர்டும் சமையல் மேடையும் இருக்கின்றன. வாசலருகே நான்கடிப் பலகையில் ஆறு இரட்டைக் கொக்கிகளும், கீழே பிள்ளைகளுக்கு ஒரு வரிசையும் அதில் சேர வேண்டும். குழாய் எங்கே ஓடுகிறதென்று அறிந்தவர் அவரே. சுவரை வார்க்கும்போதே பிடிப்பை வைக்கக்கூடியவரும் அவரே. ஒரு வீட்டின் மொத்தச் செலவில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. மறுகட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சொசைட்டிக் குழுக்கள் இதைக் கேட்க வேண்டும், எழுத்தில் வாங்க வேண்டும்.