கப்பலேறிய இளைஞர்

கல்வராயன் மலையிலிருந்து இளைஞர் கூலிவேலைக்குத் தொலைவூர் செல்வதை இன்றும் காண்கிறோம். கள்ளக்குறிச்சி அந்நாளில் தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தாரும் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். 1860 அக்டோபர் 12இல் சென்னையை விட்ட முதற்கப்பல் 'ட்ரூரோ', நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. இவ்வாறு சென்றோருட் பெரும்பாலோர் உற்றார் துணையற்ற இளைஞர். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடற்தழும்பு என அனைத்தும் எழுதி, ஆளுக்கோர் எண்ணும் இட்டது குடியேற்ற அரசு. பெற்றவள் பெயருக்கு அப்பதிவேட்டில் இடமில்லை! அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். அவர்களுக்கெனச் சபோன் அடிகளார் தமிழ் கற்றார்.

திரும்பாதவர்க்கு இங்கே கல்லறை இல்லை. நவம்பர் 2இல் நாம் ஏற்றும் மெழுகுதிரி எதுவும் அவர்களுக்குரியதன்று. எனவே, அம்மாதம் 16ஆம் நாள் திருப்பலியில் அவர்களை நினைவுகூர எண்ணியுள்ளோம். வீட்டில் பழங்கடிதமோ பாட்டி சொன்ன செய்தியோ இருப்பின், அன்பர்கள் முன்னரே நம்மிடம் தெரிவிக்கலாம்.